உயர்நிலைப் பள்ளிகளிற் பொறியறிவும் கணினிக் கல்வியும்

கல்வியின் பயன் யாது என்று வினவின், பலர் பலவாறு விடை கூறுவர். உத்தியோகம் என்பார் சிலர். ஒழுக்கம் என்பார் சிலர். உலகியலறிவு என்பார் வேறு சிலர். கண்ணாற் காண்பதன் காரணத்தை ஆராயவும், கையாற் செய்வதனைக் கருத்தோடு செய்யவும் மக்களைப் பழக்குவது அதன் தலையாய பயன்களுள் ஒன்றென்பதை இவருள் ஒருவரும் மறுக்கமாட்டார். இப்பயனை விளைத்தற்கு மிகவும் ஏற்றனவாயிருந்தும், அதனை விளைக்காதவாறே நம் நாட்டில் வழங்கிவரும் கல்விகள் இரண்டு உள. அவை பொறியியற் கல்வியும் கணினிக் கல்வியுமாம்.

இவ்விரண்டையும் உயர்நிலைப் பள்ளி மாணாக்கர் எல்லார்க்கும் இலக்கணமும் எண்ணும் போலப் பொதுக்கல்வியாகவே அளித்தல் வேண்டும் என்பதும், ஒருசிலர் மட்டும் ஏறிச்செல்லும் ஏணியாக அவற்றை வைத்திருத்தல் தகாது என்பதும் யாம் இங்கே நிறுவக் கருதியவை. தமிழ் பயிலும் மாணாக்கராகிய யாம் இதனை எழுதப் புகுந்தது நண்பர் சிலர்க்கு நகைப்பை விளைத்தது. “தொல்காப்பியம் படிப்பார்க்குத் தொழிற்கூடத்தில் என்ன வேலை?” என்று அவர் எம்மை வினவினர். அவ்வினாவிற்குரிய விடையும் இக்கட்டுரையினுள்ளே வரும்.

முதற்கண், இக்கல்வி பள்ளிகளுட் புகுந்த வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். சிறுவர்க்குக் கணிப்பொறியை ஏவக் கற்பித்தல் வேண்டும் என்னும் எண்ணம் புதியதன்று. 1967-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க நாட்டிற் சீமோர் பாப்பர்ட் என்பாரும் அவரோடு உழைத்தோரும் லோகோ என்னும் கணினி மொழியைச் சிறுவர்க்கெனவே அமைத்தனர். பின்னர் அதன்கண் ஓர் ஆமையும் வந்து சேர்ந்தது. “முன்னே செல், வலப்புறம் திரும்பு” என்று அவ்வாமையை ஏவினால், அது செல்லும் வழியே கோடாகும். சதுரம் வரைய விரும்பும் சிறுவன், சதுரமாவது யாது என்பதை ஆமைக்குத் தானே சொல்லியாக வேண்டும். சொல்லப் புகுங்காலத்தேதான் அது தனக்கும் தெளிவாகும். பொறி சிறுவனைப் பழக்குதல் ஆகாது, சிறுவனே பொறியைப் பழக்குதல் வேண்டும் என்பது பாப்பர்ட்டின் கொள்கை.

நம் நாட்டில் 1984-ஆம் ஆண்டு, ‘கிளாஸ்’ என்னும் பெயரால் நடுவணரசு ஒரு திட்டம் வகுத்து, ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு ‘பி.பி.சி. மைக்ரோ’ என்னும் கணிப்பொறிகளை அளித்தது. காலப்போக்கில் தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளிற் கணினி அறிவியல் ஒரு தனிப்பாடமாக வேரூன்றிற்று. 2011-ஆம் ஆண்டு தொடங்கிப் பல்லாண்டுகள் மேல்நிலை மாணாக்கர்க்கு விலையில்லா மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. 2018, 2019-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த புதிய பாடநூல்களிற் பதினோராம் வகுப்பினர்க்குச் சி பிளஸ் பிளஸ் மொழியும், பன்னிரண்டாம் வகுப்பினர்க்குப் பைத்தன் மொழியும் தமிழிலும் விளக்கப்பட்டன. 2016-ஆம் ஆண்டில் நடுவணரசு தொடங்கிய அடல் டிங்கரிங் கூடங்கள், ஆறாம் வகுப்பு முதற் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலுள்ள சிறார்க்குக் கருவிகளைக் கையாளும் வாய்ப்பை அளிக்க எழுந்தவை. தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளி ஒன்றற்கு 20 இலட்சம் ரூபாய் வரை நிதியும் அளிக்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், நடுநிலை வகுப்புகளிலேயே கணினிக்கு நிரல் எழுதப் பயிற்றுதல் வேண்டும் என்று கூறிற்று.

இவ்வளவும் இருக்கக் குறை யாது என்று கேட்பார்க்கு யாம் கூறுவது இது. நம் மாநிலத்தில் ஆறாம் வகுப்பு முதற் பத்தாம் வகுப்பு வரையிற் கணினியைப்பற்றிய செய்தி, அறிவியல் நூலின் இறுதியில் ஓரிரு பாடங்களாகவே இடம்பெற்றது. யாம் பயின்ற பள்ளியில், ஆண்டிறுதியில் நாள்கள் குறையுங்கால் முதற்கண் விடுபடுவதும் அப்பாடமே. பத்தாம் வகுப்பு முடிந்தவுடன் மாணாக்கர் பிரிவு பிரிவாக வகுக்கப்படுகின்றனர். மிக்க மதிப்பெண் பெற்றோர் கணிதமும் அறிவியலும் கணினியும் பயிலச் செல்வர். வணிகவியல் பயில்வாருட் சிலர்க்குக் கணினிப் பயன்பாடுகள் என்னும் பாடம் கிடைக்கும். வரலாறு முதலியன பயில்வார்க்குப் பெரும்பாலும் ஒன்றும் இல்லை. அடிப்படை இயந்திரவியல், மின்பொறியியல் முதலிய தொழிற்கல்விப் பாடங்கள் மேல்நிலை வகுப்புகளில் இல்லாமலில்லை. ஆயினும் அவை மதிப்பெண் குன்றியவர்க்கு உரியவை என்னும் இழிவெண்ணம் ஊரெங்கும் பரவிக்கிடக்கின்றது. ஆகவே, கையாற் செய்வார்க்குக் காரணம் கற்பிக்கப்படவில்லை. காரணம் கற்பார்க்குக் கைப்பயிற்சி இல்லை. பதினைந்து வயதில் நிகழும் இப்பாகுபாடு, ஒருவன் வாழ்நாள் முழுமைக்கும் வேலியாகிவிடுகின்றது.

இவ்வேலியின் கொடுமையை யாம் நூலிற் படித்து அறிந்தோமல்லோம். பத்தாம் வகுப்பு வரை எம்மோடு ஒரே பலகையில் அமர்ந்து பயின்ற நண்பர் ஒருவர் உளர். வகுப்பில் மின்விசிறி நின்றுவிட்டால் ஆசிரியர் அவரையே அழைப்பார். நின்றுபோன கடிகாரமும், ஒலி எழாத வானொலியும் அவர் கைபட்டால் உயிர் பெறும். ஆயினும் கணிதத் தேர்வில் அவர் பெற்ற எண்கள் சிலவாதலின், பதினோராம் வகுப்பிற் கணினிப் பிரிவு அவருக்குக் கிடைத்திலது. இப்பொழுது எம்மூர்க் கடைத்தெருவிற் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையொன்றில் அவர் பணிபுரிகின்றார். சென்ற கோடை விடுமுறையில் எமது கைப்பேசியை அவரிடம் கொடுத்தோம். அரைமணி நேரத்திற் செம்மை செய்து தந்தார். “எதனால் இது பழுதாயிற்று?” என்று வினவினோம். அவர் சிரித்துக்கொண்டே, “கழற்றி மாட்டத் தெரியும், காரணம் தெரியாது. அதை எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?” என்றார். அச்சிரிப்பு எம் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை. யாம் அவரினும் அறிவு மிக்கேமல்லேம். தேர்வுத்தாளிற் சில எண்கள் மிகுதியாகப் பெற்றோம், அவ்வளவே. அவர் தம் தாலந்தைப் புதைத்தாரல்லர். அவர்க்காக அதனை நாமே புதைத்துவிட்டோம்.

இனி, வேலிக்கு உட்புறம் சென்ற எமக்கேனும் கணினிக் கல்வி செவ்வனே வாய்த்ததோ என்று நோக்குவாம். பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறைப் பயிற்சியில் ஒருநாள், ஒரு சொல்லைத் தலைகீழாகத் திருப்பி, முன்னும் பின்னும் ஒன்றாகவே நிற்கின்றதா என்று சோதிக்கும் நிரலைப் பைத்தன் மொழியில் எழுதினோம். ஆங்கிலச் சொற்களை இட்டபொழுது பொறி பிழையின்றி விடை கூறிற்று. எம் வகுப்புத் தோழி ஒருத்தி, மாலைமாற்றுச் சொல்லாக நாம் யாவரும் சிறுவயது முதல் அறிந்த ‘விகடகவி’ என்பதைத் தமிழெழுத்திற் பொறித்தாள். “இது மாலைமாற்றன்று” என்று பொறி கூறிற்று. யாவரும் திகைத்தோம். காரணம் வினவியபொழுது, “அது தேர்வில் வராது, நூலிலுள்ள சொல்லையே போடுங்கள்” என்றார் ஆசிரியர். அவரை யாம் குறைகூறுகின்றோமல்லோம். ஐம்பது மாணாக்கர்க்கு ஒன்பது கணிப்பொறிகளை வைத்துக்கொண்டு, தேர்வுக்கு முன் பாடத்தை முடித்தாக வேண்டிய பெருஞ்சுமை அவர்மேல் இருந்தது. ஆயினும், அவ்வாண்டு முழுவதும் அவ்வகுப்பில் எழுந்த வினாக்களுள் உயிருள்ள வினா அஃதொன்றே. அதுவும் எழுந்த இடத்திலேயே மாய்ந்தது.

அதற்குரிய விடையை யாம் இக்கல்லூரியில் எழுத்திலக்கணம் பயிலுங்காலத்தே உணர்ந்தோம். ‘வி’ என்பது நமக்கு ஓரெழுத்து; வகரமெய்யும் இகரவுயிரும் கூடிய உயிர்மெய். பொறியோ யூனிகோடு என்னும் குறியீட்டு முறைப்படி ‘வ’ என்னும் எழுத்தினையும் அதன்மேல் ஏறும் இகரக் குறியினையும் இரண்டாக வைத்துக்கொள்கின்றது. ஆகவே, ஐந்தெழுத்தாகிய ‘விகடகவி’ அதற்கு ஏழு குறிகளாம். மூன்றெழுத்தாகிய ‘தமிழ்’ என்பதும் ஐந்து குறிகளாம். குறிகளை அப்படியே தலைகீழாகத் திருப்பினால் இகரக் குறி வகரத்தைவிட்டு முன்னே ஓடிவிடும், மாலைமாற்றும் சிதையும். அன்றியும், நம் இலக்கணம் மெய்யை முதலாகக் கொண்டு அதனோடு உயிரைக் கூட்டுகின்றது. அம்முறையோ அகரமேறிய உயிர்மெய்யை முதலாகக் கொண்டு, புள்ளியைத் தனிக்குறியாகச் சேர்த்து மெய்யைப் பெறுகின்றது. இவ்வேறுபாட்டை அறிந்தவன் இரண்டு குறிகளையும் ஒன்றாகப் பிணித்தபின் திருப்புமாறு நிரலை மாற்றிவிடுவான். அறியாதவன், தமிழ் பொறிக்கு ஏற்றதன்று என்று கூறிவிட்டு எழுந்து போவான். எழுத்திலக்கணமும் கணினியும் ஒருங்கே கற்றவர் இல்லாத வழி, நம் மொழிக்கு நேரும் இழுக்கு எத்தகையது என்பதற்கு இஃதொன்றே சான்றாக அமையும். தொழிற்கூடத்தில் எமக்கு என்ன வேலை என்று கேட்ட நண்பர்க்கு இதுவே எம் விடை.

இன்னுமொன்று கூறுவாம். நிரல் எழுதுதலாவது, ஒரு செயலைச் சிறுசிறு படிகளாகப் பகுத்து, எந்நிலையில் எதனைச் செய்வதென ஐயமின்றி விதித்தல். இது நமக்குப் புதியதோ? பவணந்தியார் நன்னூலிற் புணர்ச்சி விதிகளை அமைத்த முறை வேறென்ன? ‘பெருமை’ என்பதும் ‘ஊர்’ என்பதும் சேர்ந்து ‘பேரூர்’ ஆகுமாற்றை நோக்குக. முதலில் ‘மை’ விகுதி கெடும். பின்னர் முதலெழுத்து நீளும். பின்னர் ஈற்றுகரம் கெடும். இறுதியில் மெய்ம்மேல் உயிர் ஏறும். விகுதி கெடாதவழி உகரம் ஈறாகாது. ஈறாகாதவழி அதனைக் கெடுக்கும் விதிக்கு இடமில்லை. படிகளுக்கு ஒரு முறைவைப்பு உண்டென்பதை இதனினும் தெளிவாக எந்நூல் உணர்த்தும்? இன்னும், ‘மரம்’ என்பதன் ஈற்று மகரம் கெட்டபின், வருமொழி வல்லெழுத்தாயின் அவ்வெழுத்து மிக்கு ‘மரக்கிளை’ என்றாகும். உயிராயின் உடம்படுமெய் தோன்றி ‘மரவடி’ என்றாகும். ஏனையவாயின் இயல்பாய் நின்று ‘மரவேர்’ என்றாகும். இன்னதாயின் இது, அன்றாயின் அது என்று பைத்தன் நூல் பல பக்கங்களிற் கூறுவதனை, நம் தமிழாசிரியர் ஒன்பதாம் வகுப்பிலேயே கரும்பலகையில் எழுதிவிட்டார். எழுதியது இன்னதென்று நமக்கும் தெரியாது. அவர்க்கும் ஒருவர் சொன்னதில்லை.

பொறியியலைப்பற்றியும் ஒரு சொல். அரசினர் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு மாணாக்கர்க்கு விலையில்லா மிதிவண்டிகள் வழங்கப்பட்டு வருகின்றன. பள்ளி முற்றத்தில் நூறு மிதிவண்டிகள் வரிசையாக நிற்க, அவற்றைக் கடந்து வகுப்பினுட் சென்று, நெம்புகோலின் இலக்கணத்தை மனப்பாடம் செய்கின்றோம். மிதிக்கும் சக்கரத்திற்கு 44 பற்களும் பின்சக்கரத்திற்கு 18 பற்களும் இருப்பின், ஒருமுறை மிதிக்கப் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரை முறை சுழலும். பற்களை எண்ணுக, சக்கரத்தின் சுற்றளவை நூலிட்டு அளக்க, பள்ளியிலிருந்து வீடு எத்தனை மிதி தூரம் என்று கணக்கிடுக, பின்னர் மிதித்தே சோதிக்க. கணக்கும் மெய்ம்மையும் வேறுபட்டால், பிழை எங்கே என்று தேடுக. கருதுதல், அளத்தல், செய்தல், பிழைத்தல், திருத்தல் என்னும் இவ்வைந்துமே பொறியியலின் உயிர். இதற்குப் பெருஞ்செலவு வேண்டா. ஒரு நூற்கயிறும் ஒரு மாலைப்பொழுதும் போதும்.

பிற நாட்டார் செய்ததையும் செய்து இடர்ப்பட்டதையும் நாம் அறிந்துகொள்ளுதல் நன்று. இங்கிலாந்தில் நெடுங்காலம் பள்ளிகளிற் கணினிப் பாடமென வழங்கியது, கடிதம் தட்டெழுதுதலும் கணக்குத்தாள் நிரப்புதலும் போன்ற பயன்பாட்டுப் பயிற்சியே. 2012-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ராயல் சொசைட்டி என்னும் அறிஞர் கழகம் இந்நிலை மாறுதல் வேண்டும் என்று அறிக்கை விடுத்தது. அவ்வாண்டே ராஸ்பெரி பை என்னும் கைக்கடக்கமான மலிவுக் கணினியும் வெளிவந்தது. 2014-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல், ஐந்து வயதிலேயே தொடங்கும் பாடமாகக் கணினியியல் அந்நாட்டுப் பாடத்திட்டத்துட் சேர்க்கப்பட்டது. 2016-ஆம் ஆண்டில் மைக்ரோபிட் என்னும் சிறு பொறி ஏறத்தாழப் பத்து இலட்சம் சிறார்க்கு விலையின்றி அளிக்கப்பட்டது. இத்துணை முயன்றும், 2017-ஆம் ஆண்டில் அக்கழகமே மீண்டும் ஆராய்ந்தபொழுது, பாதிக்கு மேற்பட்ட பள்ளிகள் பதினாறு வயதுத் தேர்விற்குக் கணினி அறிவியலை வைக்கவேயில்லை என்பதும், அத்தேர்வை எழுதியவருள் ஐவரில் ஒருவரே பெண்மக்கள் என்பதும் வெளியாயின. திறமுடைய ஆசிரியர் போதாமையே பெருங்குறையாகக் காணப்பட்டது. சட்டம் இயற்றுதல் எளிது. பொறி வாங்குதல் அதனினும் எளிது. ஆசிரியரை ஆக்குதலே அரிது என்பது இதனால் நாம் பெறும் படிப்பினை.

இனி, எம் கருத்துக்கு மாறாக எழக்கூடிய தடைகளை ஒவ்வொன்றாக ஆராய்வாம்.

எல்லாப் பள்ளிகளிலும் கணிப்பொறி ஏது என்பது முதற்றடை. பொறியின்றியே கணினியறிவைத் தொடங்கலாம் என்பதற்கு வழி காட்டியவர் நியூசிலாந்து நாட்டுக் காண்டர்பரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டிம் பெல் என்பாரும் அவரோடு உழைத்தோரும். ஐந்து அட்டைகளில் முறையே 1, 2, 4, 8, 16 புள்ளிகளை இட்டு, ஐந்து சிறாரிடம் கொடுத்து நிறுத்துக. அட்டையைக் காட்டியும் மறைத்தும் சுழி முதல் 31 வரை எவ்வெண்ணையும் அவர்கள் அமைத்துக் காட்டுவர். 13 வேண்டுமாயின் 8, 4, 1 என்னும் மூன்று அட்டைகள் திறந்திருக்கும். பொறியின் வயிற்றினுள் எண்கள் எவ்வாறு இருக்கின்றன என்பது அப்பொழுதே குழந்தைக்கு விளங்கிவிடும். மரத்தடியில் நடக்கும் வகுப்பிற்கும் இது பொருந்தும்.

பாடச்சுமை முன்னரே மிகுதி என்பது இரண்டாம் தடை. உண்மையே. ஆயினும் சுமையாவது மனப்பாடமேயன்றி அறிவன்று. கிழமைக்கு இரண்டு பாடவேளை செய்துபார்க்கும் வேலைக்கு ஒதுக்கினால், கணிதமும் அறிவியலும் இலக்கணமும் அதனாலேயே இலகுவாகும்.

எல்லாரையும் பொறியாளராக்கினால் வேலைக்கு எங்கே போவது என்பது மூன்றாம் தடை. இலக்கணம் கற்பிப்பது எல்லாரையும் புலவராக்குதற்கன்று. நம் மாநிலத்திற் பொறியியற் கல்லூரிகள் நானூற்றுக்கும் மேற்பட்டுள்ளன. நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் தந்தையர் கட்டிய பணத்தால் அவற்றுட் புகுந்து, மூன்றாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோ, “இதில் எனக்குப் பற்றில்லை” என்று உணரும் இளைஞர் சிலரை நம்முள் அறியாதார் யார்? ஒன்பதாம் வகுப்பிலேயே அதன் சுவையை அறிந்திருந்தால், விரும்புவோர் விருப்பத்தோடு செல்வர். விரும்பாதோர் வீண் செலவின்றி விலகுவர். பள்ளியில் இதனைப் பரப்புதல், கல்லூரி வாயிலில் நெருக்கத்தைக் குறைக்குமேயன்றிக் கூட்டாது.

பொறியே நிரல் எழுதும் காலம் வந்துவிட்டதே, இனி மக்கள் கற்பானேன் என்பது நான்காம் தடை. 2022-ஆம் ஆண்டு நவம்பரிற் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல் இவ்வினா எங்கும் கேட்கின்றது. கேட்டவுடன் எழுதித்தரும் பொறிகள் பல தோன்றியுள்ளன. அவை பெரிதும் உதவுவனவே. ஆயினும், எழுதித்தந்தது சரியோ பிழையோ என்று காண்பவர் யார்? ‘விகடகவி’ மாலைமாற்றன்று என்று பொறி கூறியபொழுது, “இல்லை, நீ பிழைபட்டாய்” என்று சொல்லத் துணிந்தவள் ஒரு பதினேழு வயதுச் சிறுமி. தமிழை அறிந்திருந்தமையால் அவள் துணிந்தாள். கணினியறிவு போதாமையால் அவளாற் பிழையைத் திருத்த இயலவில்லை. பொறி வலிமை பெறப் பெற, அதனை ஐயுறுதற்கும் தெளிதற்கும் வேண்டும் அறிவு எல்லார்க்கும் மிகுதியாக வேண்டப்படுமேயன்றிக் குறையாது.

தமிழில் இவற்றைக் கற்பித்தல் ஆகுமோ என்பது இறுதித் தடை. 1847-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த மருத்துவ மிஷனரி சாமுவேல் கிறீன், மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தும், மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கியும் இவ்வையத்தை அன்றே அகற்றிவிட்டார். நம் காலத்தில் 2010-ஆம் ஆண்டு அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ் வழியிற் கற்பிக்கத் தொடங்கிற்று. ஆங்கிலத்தை விலக்குதல் எம் கருத்தன்று. தாய்மொழியில் ஒருமுறை விளங்கியது பிறமொழியில் எளிதில் விளங்கும் என்பதே எம் கருத்து.

ஆகவே, செயற்பாலன இவையென யாம் எண்ணுகின்றோம். பிரிவு பிரியுமுன், எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் எல்லா மாணவ மாணவியரும் இதனைப் பயிலுதல் வேண்டும். அப்பயிற்சியிற் பாதி நிரலும், பாதி கைவேலையுமாதல் வேண்டும். நூலிலுள்ள நிரலைப் பார்த்தெழுதும் தேர்வு ஒழிந்து, தாமே செய்த ஒன்றையும், அதிற் கண்ட பிழையையும், அதனைத் திருத்திய வகையையும் விளக்குதலே தேர்வாதல் வேண்டும். எடுத்துக்காட்டுகள் நம் ஊரிலிருந்தும் நம் மொழியிலிருந்தும் எழுதல் வேண்டும். தமிழாசிரியரும் கணினியாசிரியரும் திங்களுக்கு ஒருமுறையேனும் ஒரே வகுப்பில் உடனிருந்து கற்பித்தல் வேண்டும்.

இவற்றுட் பல அரசினர் செய்யற்பாலன. ஆயினும் நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. நம் கல்லூரியைச் சூழ உயர்நிலைப் பள்ளிகள் சில உள. சனிக்கிழமை முற்பகலில் நம் கணினிக்கூடம் ஓய்ந்திருக்கின்றது. இருபது மாணாக்கர் முன்வந்து, முறைவைத்து, அப்பள்ளிச் சிறாரை அழைத்துவந்து இரண்டு மணி நேரம் உடனிருந்தால் எத்துணை நன்மை விளையும்! கணினித் துறையினர் மட்டுமன்றித் தமிழ், வரலாறு, பொருளியல் பயில்வாரும் வருக. கற்பிக்கப் புகின் நாமும் கற்போம். ஆசிரியப் பெருமக்கள் வழிகாட்டியும், பழைய மாணாக்கர் தாம் பயன்படுத்தாது வைத்துள்ள மடிக்கணினிகளை நல்கியும் இதற்குத் துணைபுரிய வேண்டுகின்றோம். தமிழ்த் துறையிலிருந்து யாம் முதற்பெயரைக் கொடுத்துவிட்டோம்.

எம் நண்பரிடமும் இதனைக் கூறினோம். “சனிக்கிழமை கடைக்கு விடுமுறை கிடையாதே” என்றார், சற்றுப் பொறுத்து, “பழுதான பொறிகள் சிலவற்றைக் கொண்டுவரவா? பிள்ளைகள் பிரித்துப் பார்க்கட்டும்” என்றார். வேலிக்கு அப்பாலிருந்து அவர் கொடுக்க முன்வந்துவிட்டார். இப்பாலுள்ள நாம் பின்னிற்றல் தகுமோ?